மலையகத்துக் குளிரில் சுருட்டை வருடக்கணக்கில் வைப்பது எப்படி?

ஹட்டனில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மச்சான் டுபாயிலிருந்து வரும்போது கியூபா சுருட்டு இரண்டு பெட்டி கொண்டு வந்து கொடுத்தார். ஒன்றை இப்போது குடிக்கலாம், மற்றதை ஐந்தாறு வருடம் வைத்துப் பார்க்க ஆசை. யாரைக் கேட்டாலும் சுருட்டு காய்ந்துவிடும், பெட்டிக்குள் ஈரம் வை, தண்ணீர் வை என்கிறார்கள். எங்கள் வீட்டிலோ ஜூலை மாதத்தில் செருப்பிலேயே பூஞ்சணம் பூக்கிறது. இங்கே வைக்க முடியுமா?"

தாராளமாக வைக்கலாம். இலங்கையில் சுருட்டை வருடக்கணக்கில் வைக்க மலையகத்தைவிட நல்ல இடம் கிடையாது என்றே சொல்வேன். ஆனால் நீங்கள் கேள்விப்பட்ட புத்திமதிகளில் பாதியைத் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும். அவை குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு வாழும் நாட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்கு எழுதியவை. அங்கே அறைக்குள் காற்றின் ஈரப்பதன் 30 சதவீதத்துக்கும் இறங்கிவிடும், அதனால் பெட்டிக்குள் ஈரம் ஊட்டுவதே அவர்களுக்குப் பெரிய வேலை. நமக்கு வேலை வெளியே இருக்கும் ஈரத்தை உள்ளே விடாமல் மறிப்பது. குளிர் நமக்குச் சும்மா கிடைக்கிறது.

முதலில் இலக்கைச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் சொல்வது 70 சதவீத ஈரப்பதனும் 21 பாகை செல்சியஸும். நாளைக்கோ அடுத்த மாதமோ குடிக்கப் போகும் சுருட்டுக்கு அது சரி. வருடக்கணக்கில் வைப்பதற்கு அது கொஞ்சம் அதிகம். 62 முதல் 65 சதவீதம், 16 முதல் 18 பாகை, இதுதான் நான் சொல்லும் அளவு. "குளிர் கூடினால் ஈரப்பதனையும் கூட்ட வேண்டும்" என்று அட்டவணை போட்டுக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. காற்றில் எத்தனை கிராம் தண்ணீர் இருக்கிறது என்பதை வைத்துப் போட்ட கணக்கு அது. இலை அந்தக் கிராமைப் பார்ப்பதில்லை, ஈரப்பதன் சதவீதத்தைத்தான் பார்க்கிறது. அதிலும் ஒரே சதவீதத்தில், குளிரான இலை சூடான இலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். 27 பாகையில் 65இல் இருக்கும் சுருட்டைவிட 16 பாகையில் 65இல் இருக்கும் சுருட்டில் ஈரம் சற்று அதிகம். ஆகவே நுவரெலியாக்காரர் அளவைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும்.

இத்தனை வருடம் வைத்தால் உள்ளே என்னதான் நடக்கிறது? சுருட்டு இலையை அறுவடைக்குப் பிறகு உலர்த்தி, கட்டிப் பெரிய குவியலாக அடுக்கிப் புளிக்க வைப்பார்கள். குவியல் தானாகச் சூடேறும், அம்மோனியா வாயு வெளியேறும். அந்தப் புளிப்பு சுருட்டிய பிறகும் மெதுவாகத் தொடர்கிறது. சுருட்டிச் சில மாதங்களே ஆன சுருட்டை முகர்ந்தால் சில வேளை மூக்கில் ஏறும் ஒரு காரம் இருக்குமே, அதுதான் அம்மோனியா. முதல் ஓரிரு வருடங்களில் அது போய்விடும். அதற்குப் பிறகு நடப்பது இன்னும் மெதுவானது. தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு தணியும், இலைகளின் எண்ணெய்கள் ஒன்றோடொன்று கலக்கும், காரம் இறங்கும். புகை மென்மையாகும் என்பதற்காகக் கேடு குறைந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். புகையிலை எத்தனை வருடம் போனாலும் புகையிலைதான்.

எல்லாச் சுருட்டும் இப்படி வைக்கத் தக்கதல்ல. தடித்த, காரமான, முழு நீள இலையை உள்ளே வைத்துக் கையால் சுருட்டியவைதான் வருடங்களைத் தாங்கும். மெல்லிய சுவைக்காரச் சுருட்டு மூன்று நாலு வருடத்தில் வெறும் சூடான காற்றாகிவிடும். தூள் இலை அடைத்து மிஷினில் செய்தவற்றை வைப்பதில் பயனே இல்லை. நம் யாழ்ப்பாணச் சுருட்டு வேறு சாதி. அது கோடா என்ற மணக் கரைசல் போட்டு, உடனே குடிப்பதற்கென்று செய்தது, அதன் ருசியே அந்தப் புதிதில்தான். அதைக் கியூபாச் சுருட்டோடு ஒரே பெட்டியில் வைத்தால் இரண்டும் கெடும், கோடாவின் வாடை மற்றதில் ஏறிவிடும்.

உங்களிடம் இருக்கும் பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கியூபாப் பெட்டியில் மாதத்தின் ஸ்பானியப் பெயரில் முதல் மூன்று எழுத்தும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும் முத்திரையாக இருக்கும். வயதை அந்தத் தேதியிலிருந்து எண்ணுங்கள். மச்சான் கொண்டு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டியதில்லை. ஏற்கனவே மூன்று வருடம் ஆன பெட்டியாகவும் இருக்கலாம்.

அடுத்தது இடம். மலையகம் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், ஆனால் கண்டி ஏறத்தாழ 500 மீட்டர், பதுளை 680, பண்டாரவளை 1,200க்கு மேல், ஹட்டன் 1,270 அளவில், நுவரெலியா 1,868. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை பாகை குறையும். நுவரெலியாவின் வருடச் சராசரி 16 பாகை அளவு. சுருட்டு வைப்பதற்கென்று வெளிநாட்டில் பணம் கொட்டிக் குளிரூட்டிப் பெறும் வெப்பநிலை அது.

இந்த உயரம் ஏன் முக்கியம் என்றால், புகையிலை வண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், சிவந்த பழுப்பு நிறம். அதன் முட்டை இலையோடே வந்துவிடலாம், கண்ணுக்குத் தெரியாது. 22, 24 பாகையைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் அது பொரிக்கும் ஆபத்து அதிகம். பொரித்தால் புழு சுருட்டுக்குள்ளேயே தின்றுகொண்டு போய், ஊசியால் குத்தியதுபோல் ஒரு துளையோடு வண்டாக வெளியே வரும். ஒரு பெட்டியில் ஒன்று வந்தால் மற்றதும் போச்சு. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, அப்புத்தளைக்காரருக்கு இந்தப் பயம் குறைவு. கண்டி, கம்பளை, பதுளைக்காரருக்கு உண்டு. அவர்கள் ஒரு சிறிய வைன் கூலர் வாங்கி 18இல் வைப்பது நல்லது. அதற்குள் தண்ணீர் சொட்டும், அதனால் சுருட்டை இறுக்கமான பெட்டியில் போட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

உங்கள் பெட்டி டுபாய் வெயிலைப் பார்த்து, விமானத்தில் ஏறி, கொழும்பில் இறங்கி வந்திருக்கிறது. ஹட்டன் குளிரானாலும் நான் முதலில் அதை ஒரு தடவை உறைய வைக்கச் சொல்வேன். பெட்டியை அப்படியே ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, இன்னொரு பைக்குள் போடுங்கள். பிரிட்ஜின் கீழ்த் தட்டில் ஒரு நாள். பிறகு பிரீசரில், -18 பாகையில் மூன்று நாள் போதும் என்பார்கள். வீட்டு பிரீசர் அந்த அளவுக்கு இறங்குகிறதா என்று நிச்சயமில்லாததாலும் இங்கே கரண்ட் போகும் என்பதாலும் ஒரு வாரம் விடுங்கள். எடுத்தால் மறுபடி கீழ்த் தட்டில் ஒரு நாள், பிறகு அறையில் ஒரு நாள். அதுவரை பையைத் திறக்கவே கூடாது. குளிர்ந்த சுருட்டின்மேல் நம் காற்று பட்டால் நொடியில் நீர் கோத்து, வெளியே சுற்றியிருக்கும் மேலிலை வெடித்துவிடும்.

சரி, இனி ஈரம். இதில்தான் மலையகத்துக்காரர் அதிகம் யோசிக்க வேண்டும்.

தேயிலைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மலையின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பருவம். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி, இரவில் பனி உறையும் குளிர். ஊவாப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் காய்ந்த காற்று அடிக்கும், மழை வருட முடிவை ஒட்டி. கொழுந்துக்கு நல்ல வாசம் ஏறும் அந்த வறண்ட வாரங்கள்தான் சுருட்டுப் பெட்டிக்கும் வறண்ட வாரங்கள். ஆகவே பண்டாரவளைக்காரர் ஆகஸ்டில் செய்யும் காரியத்தை ஹட்டன்காரர் பெப்ரவரியில் செய்ய வேண்டும். யாராவது "ஜூலையில் பெட்டியைத் திறந்து காற்றாட விடு" என்றால் அவர் எந்தப் பக்கத்து மலைக்காரர் என்று முதலில் கேளுங்கள்.

மழைக்காலத்தில் ஈரம் எவ்வளவு என்று அறியக் குசினியில் இருக்கும் உப்புச் சாடியைப் பார்த்தாலே போதும். சாதாரண உப்பு 75 சதவீத ஈரப்பதனை ஒட்டித்தான் கசியத் தொடங்கும். உப்பு ஒழுகுகிறது என்றால் வெளிக்காற்று 75ஐத் தாண்டிவிட்டது, அதாவது பூஞ்சணம் பிடிக்கும் எல்லையில் நிற்கிறது. ஈரப்பதனை அளக்கும் ஈரமானியையும் இதே உப்பால் சோதிக்கலாம். ஒரு சோடாப் போத்தல் மூடியில் உப்பைப் போட்டு, சேற்றுப் பதம் வரும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விடுங்கள். கரையக் கூடாது, உப்பு ஈர மணலாகத் தெரிய வேண்டும். அதையும் டிஜிட்டல் ஈரமானியையும் ஒரே ஜிப் பையில் வைத்து ஒரு நாள் மூடி வையுங்கள். திறக்காமல் வெளியிலிருந்தே பாருங்கள், 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மானி நாலு குறைத்துச் சொல்கிறது, அதை மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். மலிவான மானிகள் ஐந்து, ஆறு கூடக் குறையக் காட்டுவது சாதாரணம். முள் உள்ள மானியை நம்பவே வேண்டாம்.

ஹியுமிடோர் என்று சுருட்டு வைக்கவே விற்கும் அழகான மரப் பெட்டியை வாங்காதீர்கள். அதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை. மரம் நான்கு மாத மழையில் தானே ஈரத்தைக் குடித்து உள்ளே கசிய விடும், மூடியும் மெல்ல வளையும். நமக்கு ஏற்றது ரப்பர் வளையமும் நாலு பக்கமும் பூட்டும் உள்ள சாப்பாட்டு பிளாஸ்டிக் பெட்டி. புதிதாக வாங்கி, கழுவி, பிளாஸ்டிக் வாடை போகும்வரை திறந்து வைத்துவிட்டு, சுருட்டை அதன் சொந்த மரப் பெட்டியோடு அப்படியே உள்ளே வையுங்கள். அந்த மரப் பெட்டி பெரும்பாலும் செட்ரெலா ஒடொராட்டா என்ற மரத்தில் செய்தது. பெயரில் சீடர் (cedar) மரம் என்று சொன்னாலும் அது வேம்பு, மலைவேம்புக் குடும்பத்தது. நம் தோட்டங்களில் நிழலுக்கு வளரும் தூனா மரம் அதற்கு நெருங்கிய சொந்தம். மணம் பிடித்துப் போய்த் தூனாப் பலகையை வெட்டி உள்ளே போட நினைப்பவர்கள், அது நன்றாகக் காய்ந்து பிசின் வடியாத பழைய பலகையா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பச்சைப் பலகையின் பிசின் சுருட்டில் ஒட்டினால் அந்தச் சுருட்டை எறிய வேண்டியதுதான்.

ஈரத்தை ஒரே அளவில் பிடிக்க பொவேடா போன்ற இருவழிப் பொட்டலங்கள் இருக்கின்றன. உள்ளே உப்புக் கரைசல். ஈரம் குறைந்தால் விடும், கூடினால் குடிக்கும். வெளிநாட்டில் 69, 72 என்று வாங்குவார்கள். நீங்கள் 62 அல்லது 65 கேட்டு வாங்குங்கள். 25 சுருட்டுக்கு 60 கிராம் பொட்டலம் ஒன்று கணக்கு. வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது நாலைந்து கொண்டு வரச் சொல்லி, பிரிக்காமல் வைத்துக்கொள்ளலாம். அங்கே பொட்டலம் காய்ந்து கல்லாகும். இங்கே அது உப்பி, தலையணைபோல் தளதளவென்று வந்து நிற்கும். அப்படி வந்தால் அது குடித்து முடித்துவிட்டது, இனி மறிக்காது. எடுத்துவிட்டு வறண்ட பருவத்தில் உலர வைத்து மறுபடி போடலாம். பிளாஸ்டிக் பெட்டிக்கு வெளியே, அதைச் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட இன்னொரு பெட்டி இருந்தால் பொட்டலம் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டும். நிறம் மாறிய ஜெல்லைக் கேக் சுடும் அவனில் (oven) 110, 120 பாகையில் இரண்டு மணி நேரம் சுட்டால் மறுபடி வேலை செய்யும். பெட்டிக்குள் பஞ்சு, தண்ணீர்க் கிண்ணம், ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு எதுவும் வேண்டாம். மலையகத்தில் இவை பூஞ்சணத்துக்கு வைக்கும் விருந்து.

பலர் மழை நாளில் பெட்டியைத் திறக்கவே பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து லீட்டர்ப் பெட்டிக்குள், 18 பாகையில், 90 சதவீத ஈரக் காற்று முழுவதும் நிறைந்தாலும் அதில் இருக்கும் தண்ணீர் ஒரு கிராமில் ஏழில் ஒரு பங்குதான். 65 சதவீதக் காற்றில் இருப்பதைவிட 0.04 கிராம் கூடுதல், அவ்வளவே. உங்கள் 25 சுருட்டு ஒன்று பத்துக் கிராம் வீதம் 250 கிராம் இலை. அதன் ஈரத்தை ஒரு சதவீதம் ஏற்ற இரண்டரைக் கிராம் தண்ணீர் வேண்டும். அறுபது தடவைக்கு மேல் திறந்து மூடினால்தான் அது நடக்கும். ஆகவே மாதம் ஒரு தடவை திறந்து பார்ப்பதால் ஒன்றும் கெடாது. கெடுப்பது மூடியில் இருக்கும் மயிரிழை இடைவெளி, மே முதல் செப்டம்பர் வரை இரவும் பகலும் அது கசிய விடுவதுதான். ஒரு துண்டுக் கடதாசியை மூடிக்கு நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நாலு பக்கமும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். வழுகி வந்தால் அந்தப் பெட்டியைச் சீனி போட வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரமானியைவிட நம்பக்கூடியது தராசு. பொட்டலத்தை எடுத்துவிட்டு, சுருட்டு இருக்கும் மரப் பெட்டியை மட்டும் சமையல் தராசில் நிறுத்து, கிராமைப் பெட்டியின் மேல் பென்சிலால் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை நிறுங்கள். இலையிலோ மரத்திலோ கூடும் எடை தண்ணீர்தான், வேறொன்றும் கூட வழியில்லை. ஓரிரு கிராம் ஏறி இறங்குவது சரி. மாதத்துக்கு மாதம் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால் மூடியைப் பாருங்கள், பொட்டலத்தைப் பாருங்கள்.

எங்கே வைப்பது? தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம். அங்கே பகலில் கொதிக்கும், விடியற்காலையில் உறையும். சீமெந்துத் தரையில் நேராக வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும். வெளிச் சுவரை ஒட்டி வைத்தாலும் அதே கதை. வீட்டின் நடுச் சுவரோடு நிற்கும் அலுமாரியின் கீழ்த் தட்டுத்தான் நல்லது. பிளாஸ்டிக் பெட்டியை ஒரு புதிய ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துவிட்டால் இரவு பகல் ஏற்ற இறக்கம் உள்ளே தெரியவே தெரியாது. மீன் வந்த ரெஜிபோம் வேண்டாம், எத்தனை கழுவினாலும் வாடை போகாது. துணியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க அலுமாரிக்குள் பல்பு எரிய விடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது காற்றைச் சூடாக்கி உலர்த்துகிறது. 15 பாகையில் 85 சதவீதமாக இருக்கும் காற்று 21 பாகைக்குச் சூடேறினால் 59 ஆகிவிடும். துணிக்கு நல்லது. சுருட்டுக்கு வேண்டாம், கரண்ட் போகும்போதெல்லாம் சூடும் குளிரும் மாறி மாறி அடிக்கும்.

அதே அலுமாரியில் பூச்சி உருண்டை இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. இலை வாசனையை இழுப்பதில் தேயிலைக்குக் குறைந்ததல்ல. ரசகற்பூரம், சாம்பிராணி, மண்ணெண்ணெய், கருவாடு, எதுவானாலும் ஏறும், ஏறினால் இறங்காது. நல்ல பெட்டி ஒன்று முழுவதும் பூச்சி உருண்டை மணத்தோடு குடிக்க முடியாமல் போனதை ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். வேறு எதுவும் செய்யாமல் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்திருந்தால் அந்தச் சுருட்டு இன்றும் இருந்திருக்கும்.

பூஞ்சணம் வந்தால்? வெள்ளையாக, பஞ்சாக, தூக்கி நிற்கும். சில வேளை நீலம், பச்சை. வயதேறிய சுருட்டில் எண்ணெய் படிகமாகப் பூக்கும், அது நல்ல அறிகுறி என்று பழைய பேச்சு ஒன்று உண்டு. அப்படிக் காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை பூஞ்சணமே. வெள்ளையாக எதைக் கண்டாலும் பூஞ்சணம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலிலையில் மட்டும் இலேசாக இருந்தால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, தனிப் பையில் 62 பொட்டலத்தோடு வைத்துக் கவனியுங்கள். பற்ற வைக்கும் வெட்டு முனையில், இலை அடுக்குகளுக்குள் தெரிந்தால் எறிந்துவிடுங்கள், அது உள்ளே முழுவதும் ஓடியிருக்கும்.

முதல் இரண்டு வருடம் மாதம் ஒரு தடவை சில நிமிடம் திறந்து விடுங்கள், அம்மோனியா வெளியேறட்டும். அதற்குப் பிறகு மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை போதும். அலுமினியக் குழாயில் இருப்பவற்றின் மூடியைத் தளர்த்தி வையுங்கள். செலோபன் உறையைக் கழற்றினாலும் சரி, விட்டாலும் சரி. விட்டால் வருடங்கள் போகப் போக அது பழுப்பாகும், இலையின் எண்ணெய் ஏறியதற்கு அடையாளம். வண்டு வந்தாலும் பக்கத்துச் சுருட்டுக்குத் தாவத் தாமதமாகும். வருடத்துக்கு ஒன்றை எடுத்துக் குடித்து, எப்படி இருந்தது என்று ஒரு கொப்பியில் நாலு வரி எழுதுங்கள். போன வருடத்தைவிட இந்த வருடம் சுவை மெலிந்திருந்தால் இனிக் காத்திருக்க வேண்டாம், மிச்சத்தைக் குடித்து முடியுங்கள். எட்டாம் வருடத்தில் சிறக்கும் சுருட்டும் உண்டு, நாலாம் வருடத்திலேயே உச்சம் தொட்டு இறங்குவதும் உண்டு.

குடிக்கும் நாளுக்கும் மலையகத்துக்கென்று ஒரு மாற்றம் உண்டு. பற்ற வைப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே எடுத்து வெளியே காய வை என்பார்கள். நம் மழைக்காலத்தில் வெளியே வைத்தால் அது காயாது, ஊறும். ஊறிய சுருட்டைப் பற்ற வைத்தால் நுனி உப்பி மேலிலை நீளவாக்கில் கிழியும், இழுக்க வராது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அணையும். பெட்டியிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். கொழும்பில் கலியாணம், கொண்டாட்டம் என்று இறங்கும்போதும் அன்றைக்குக் குடிக்கப் போவதை மட்டும் சிறு ஜிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கீழே 30 பாகையில் நாட்கணக்கில் கிடந்ததைத் திரும்பக் கொண்டு வந்து பழைய பெட்டியில் சேர்க்க வேண்டாம். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் பிரீசரில் ஒரு வாரம் வைத்த பிறகு சேருங்கள்.